ஒன்பதாம் அத்தியாயம்

நல்ல உதைபந்தாட்டப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நான் உடனே அலுமாரியைத் திறப்பதில்லை. அவர் மைதானத்தில் எந்த இடத்தில் நின்று விளையாடுகிறவர் என்று முதலில் கேட்பேன். கோல் காப்பவருக்குக் கோல் காப்பவர் எழுதிய சுயசரிதைதான் பொருந்தும். நீண்ட நேரம் ஒன்றும் நடக்காமல் நிற்பவனின் பொறுமை அதில் இருக்கும். பின்வரிசைக்காரர்கள் உண்மையை எழுதுவார்கள்; வாசிக்கக் கொஞ்சம் அலுப்பாக இருக்கும். முன்வரிசைக்காரர்கள் பொய் சொல்வார்கள். அதனால் அவர்களுடைய புத்தகங்களின் அட்டைதான் முதலில் கிழியும்.

சாலிஹ் முன்வரிசைக்காரன்.

அவனைப் பற்றி எழுதித் தரும்படி பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் சபை கேட்டிருக்கிறது. மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பதினொரு வருடமாக எங்கள் ஊர் வாசிகசாலைக்கு நான் பொறுப்பாக இருக்கிறேன். இந்தக் காலத்தில் ஒரு புத்தகம்கூடத் தொலைந்ததில்லை. எண்பத்தைந்தில் கல்முனைப் பக்கம் கடைகள் எரிந்துகொண்டிருந்தபோதும் வாசிகசாலைக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். என் குணம் அப்படிப்பட்டது என்பதைச் சபை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாலிஹும் நானும் ஒரே வகுப்பு. எட்டாம் வகுப்போடு அவன் படிப்பை விட்டுவிட்டு, நற்பிட்டிமுனை வயல்களில் உழவு மெசின் ஓட்டப் போனான். நான் தொடர்ந்து படித்தேன். ஊரில் அவனைத் தெரியாதவர் இல்லை. அவன் பந்தோடு ஓடினால் பொத்துவிலில் இருந்து வந்தவர்களும் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். நானும் கொஞ்சக் காலம் கோல் காத்தவன். அது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, கப்பலில் எஞ்சினியராக இருந்த ஊர்க்காரர் ஒருவர் இரண்டு தேயிலைப் பெட்டி நிறைய ஆங்கிலப் புத்தகங்களை வாசிகசாலைக்கு அன்பளிப்பாகத் தந்தார். பாதி, விளையாட்டு வீரர்களின் சுயசரிதைகள். ஊரில் அவற்றை வாசிக்கக்கூடியவர்கள் மூன்று நான்கு பேர். வாசித்தவன் நான் ஒருவன். அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு சாலிஹ் உள்ளே வந்தான்.

"மச்சான் முனாப், இவன் என்ன சொல்றான் எண்டு எனக்குக் கொஞ்சம் சொல்லன்."

வாயால் சொன்னேன். அவனுக்குப் போதவில்லை. பிறகு நாற்பது தாள் கொப்பியில் தமிழாக்கி எழுதிக் கொடுத்தேன். அவன் உதடு அசைய அசைய வாசிக்கிறவன். ஆகவே வசனங்களைச் சின்னதாக எழுதினேன். மூன்று வருடத்தில் பதினான்கு கொப்பிகள். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்குவான். எனக்கு முப்பது வயதாகியும் திருமணம் ஆகவில்லை, வாப்பா உட்பட வீட்டில் யாரும் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அப்படிப்பட்டவனுக்கு, தான் எழுதியதை ஒரு மனிதன் எழுத்துத் தவறாமல் நம்புவது என்ன என்பதைச் சபையிலுள்ளவர்கள் விளங்கிக்கொள்வது கடினம்.

ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரியவர் என்னை மறித்து, ஒரு கோல் காப்பவன் யுத்தத்தில் விரல் இழந்து, பிறகு ஒன்பது விரலோடு பந்து பிடித்த கதையைச் சொன்னார். அது என் ஏழாவது கொப்பி. வசனம் வசனமாக என்னுடையது. 'ஒரு விரல் போனால் கை சிறுக்கும், பந்து சிறுக்காது' என்ற வரி மூலத்தில் கிடையாது. அது நான் சேர்த்தது. அந்த வரியில் அவருக்குக் கண் கலங்கியது.

"ஆர் சொன்ன இத?" என்று கேட்டேன்.

"நம்மட சாலிஹ்தான். அவன்ட வாயில கதை கேக்கோணும் தம்பி. நீங்களும் வாசிகசாலைல சும்மாதானே இரிக்கீங்க, ஒருநாளைக்கு வந்து கேளுங்களன்."

நான் கோபப்படவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

எண்பத்திரண்டு கடைசியில் சாலிஹுக்கு வயல் வரம்பில் மயக்கம் வந்தது. கல்முனையில் டொக்டர் கனகரெத்தினம் பார்த்தார். காரைதீவுக்காரர், கவனமான மனிதர். சிறுவயதில் வந்த காய்ச்சலொன்று இருதயத்தைப் பழுதாக்கியிருக்கிறது, நடக்கலாம், வேலை செய்யலாம், பந்தடிக்கக் கூடாது, ஓடினால் உயிருக்கு ஆபத்து என்று அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். சாலிஹ் இதை வீட்டில் சொல்லவில்லை. அவன் மனைவி றம்ஸியா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. உதைபந்தாட்டக் கழகச் செயலாளர் அச்சிமுகம்மதுவிடமும் சொல்லவில்லை. நேரே வாசிகசாலைக்கு வந்தான். என் மேசைக்கு முன்னால் இருந்து, டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டை என்னிடம் தந்தான்.

"நீ படிச்சவன். வெள்ளக்காரன்ட புத்தகத்துல இப்பிடி நெஞ்சு வருத்தம் வந்த ஆரும் இரிக்கானா? அவன் என்ன செஞ்சான் எண்டு பாத்துச் சொல்லு மச்சான். அவன் விட்டிருந்தா நானும் விட்டிர்றன். வல்லாஹி, நீ சொல்றதத்தான் கேப்பன்."

ஒரு வாசகன் இவ்வளவு தெளிவாகக் கேட்டு நான் கண்டதில்லை. அப்படி ஒரு புத்தகம் இருந்தது. ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் எழுதியது. நல்ல புத்தகம். அடக்கமான நடை, பெருமை பேசாத மனிதர். இந்த வகையில் யார் கேட்டாலும் இப்போதும் அதைத்தான் சிபாரிசு செய்வேன். அவருக்கும் சாலிஹுக்கு வந்த அதே வருத்தம். இருபத்தாறு வயதில் டொக்டர்கள் நிறுத்தச் சொல்ல, சப்பாத்தைக் கழற்றித் தன் மனைவி கையில் கொடுத்துவிட்டார். பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார், தோட்டம் செய்தார், அறுபத்தைந்து வயதில் அந்தப் புத்தகத்தை எழுதினார். ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க இதுதான்.

எட்டு அத்தியாயங்களை உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்தேன். ஒன்பதாவதை நானே எழுதினேன்.

அவசரத்தில் எழுதவில்லை. மூன்று தடவை எழுதி, இரண்டைக் கிழித்தேன். மயக்கம் எப்படி வரும், எதற்குப் பிறகு வரும் என்பதை வாசிகசாலையிலிருந்த ஒரு வைத்தியப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன். என் அத்தியாயத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் சப்பாத்தைக் கழற்றவில்லை. டொக்டர் சொன்னதைக் கேட்டு வீட்டில் படுத்த அவருடைய நண்பன் ஆறு மாதத்தில் இறந்துபோகிறான். அவர் ஓடுகிறார். இரண்டு வரியை இங்கே எழுதுகிறேன்: 'மூச்சு முட்டும், கண் இருட்டும், அது பூட்டிக் கிடந்த இருதயம் திறக்கிற நேரம். அந்த நேரத்தில் நின்றவன் செத்தான், ஓடியவன் பிழைத்தான்.'

நான்கு நாள் கழித்து சாலிஹ் வந்தான். முகம் தெளிந்திருந்தது. கொப்பியைத் திருப்பித் தரவில்லை.

"இத நான் வெச்சிக்கிறன் மச்சான். அந்த டொக்டர் நல்ல மனிசன்தான், ஆனா அவர் பந்தடிச்சிருக்க மாட்டார்" என்றான்.

"வாசிச்சது விளங்கினதா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓம். விளங்கின."

அதன் பிறகு ஐந்து மாதம் அவன் விளையாடினான். நான் அவனை ஒருநாளும் விளையாடச் சொல்லவில்லை. எந்த நாளிலும் அவன் நிறுத்தியிருக்கலாம். பயிற்சியில் ஓரிரு தடவை குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அச்சிமுகம்மது, "என்னடா, களைக்கிதா? நோன்பு காலம் மாதிரி ஓடுறாய்" என்று கேட்டால் சிரிப்பான். அவனுக்குத் தெரிந்த காரணம் எனக்கும் தெரியும் என்பதால், சிரித்துக்கொண்டே என் பக்கம் பார்ப்பான். எங்கள் இருவருக்கும் இடையில் அப்படி ஓர் இரகசியம் இருந்தது. அந்த ஐந்து மாதமும் என் வாழ்க்கையில் குறையொன்றும் தெரியவில்லை.

எண்பத்துமூன்று ஜூன் மாதம், இறுதிப் போட்டி. அஸர் தொழுகை முடிந்து ஆட்டம் தொடங்கியது. நான் வழக்கமாகப் போட்டிக்குப் போகிறவன் இல்லை, அன்று போனேன். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டாம் பாதியில், பந்து அவனுடைய காலுக்கு வந்த பிறகு சாலிஹ் நின்றுவிட்டான். எதிரணி ஆட்கள் அவனிடம் வர இன்னும் தூரம் இருந்தது. அவன் கையை நெஞ்சில் வைத்தான். சனமெல்லாம் கத்திக்கொண்டிருந்தது. அவன் அவர்களைப் பார்க்கவில்லை, கோல் கம்பத்தையும் பார்க்கவில்லை. என்னைத் தேடிப் பார்த்தான். ஒன்பதாம் அத்தியாயத்தில் எந்த இடத்தில் நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. இதுதானா அந்த நேரம் என்று அவன் கண்ணால் கேட்டான்.

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அவன் ஓடினான். இரண்டு பேரைத் தாண்டினான். மூன்றாவது ஆளைத் தாண்டி, கோலுக்குப் பத்துப் பன்னிரண்டு யார் தூரம் இருக்கும்போது முகம் குப்புற விழுந்தான். பந்து கொஞ்சத் தூரம் தனியே உருண்டு போயிற்று. தடுக்கி விழுந்தான் என்று நினைத்து எதிரணியில் ஒருவன் சிரித்தான். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் தேடினார்கள், தேவைப்படவில்லை. ஜனாஸாவில் நானும் தோள் கொடுத்தேன். மையவாடியில் பிடி மண்ணும் போட்டேன்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் டொக்டர் கனகரெத்தினம் வாசிகசாலைக்கு வந்தார். சாலிஹ் அடிக்கடி இங்கேதான் இருப்பான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நான் சொன்ன விதம் போதாமப் போச்சோ தெரியா தம்பி. இன்னும் கொஞ்சம் பயப்படுத்திச் சொல்லியிருக்க வேணும். அவர் உங்களிட்ட ஏதும் கதைச்சவரா?"

"இல்லை டொக்டர். ஒண்டும் கதைக்கல்ல" என்றேன். தேநீர் எடுப்பித்தேன்; அவர் குடிக்கவில்லை. பிறகு கல்முனை வேண்டாமென்று எழுதிக் கொடுத்து மாற்றலாகிப் போய்விட்டார் என்று கேள்வி. அவர் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

றம்ஸியா விதவைக்கான இத்தாக் காலத்திலேயே பெண் பிள்ளை பெற்றாள். றுகையா என்று பெயர் வைத்தார்கள். பிறகு றம்ஸியா வீட்டில் அடைந்து கிடக்காமல் படித்து, ஆங்கில ஆசிரியைப் பயிற்சிக்குத் தெரிவானாள். இந்த வருடம், எண்பத்தெட்டு மார்ச்சில், வாசிகசாலைக்கு வந்து அந்த ஸ்கொட்லாந்துக்காரரின் புத்தகத்தைக் கேட்டாள்.

"அவர் வாசிச்ச புத்தகத்த அதுர பாசையிலயே வாசிக்கணும் போல இரிக்கி காக்கா" என்று அண்ணனிடம் கேட்பதுபோலச் சொன்னாள்.

இல்லை, தொலைந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாசகர் கேட்ட புத்தகத்தை இல்லையென்று சொல்வது என்னால் ஆகாத காரியம். திகதி முத்திரை குத்திக் கொடுத்தேன். அடுத்த கிழமை எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. கதவுப் பக்கம் சத்தம் கேட்டால் எழுந்து எழுந்து பார்த்தேன். அதைப் பயம் என்று சபை நினைக்கலாம். எனக்கு அது பயம் மாதிரி இருக்கவில்லை.

எட்டாம் நாள் வந்தாள். ஒரு கையில் புத்தகம், மறு கையில் கொப்பி. இரண்டையும் என் மேசையில் வைத்து, ஒன்பதாம் அத்தியாயத்தில் திறந்தாள்.

"இதுல இரிக்கிறது அதுல இல்ல காக்கா."

"ஓம்."

"இந்த மனிசன் விட்டிட்டாரு. விட்டுப்போட்டு கிழவனாகுமட்டும் இருந்திரிக்காரு."

"ஓம்."

அவள் அழவில்லை. கொப்பியின் ஓரத்தை விரலால் தடவினாள். தாள் எண்ணெய் பட்டதுபோல மங்கியிருந்தது. "அஞ்சி வருசமா இத வாசிச்சி வாசிச்சித்தான் நான் உசிரோட இரிந்தன். என்ட மாப்பிள்ள பயந்து சாகல்ல, இப்பிடி நினைச்சித்தான் ஓடினாரு எண்டு. மகளுக்கும் இதத்தான் வாசிச்சிக் காட்டின. கண்ணை மூடிக்கிட்டும் எனக்குச் சொல்ல ஏலும்." பிறகு கேட்டாள்: "அவர் உங்களுக்கு என்ன செஞ்சாரு?"

தேத்தண்ணிக் கடையில் நடந்ததைச் சொன்னேன். என் கதைகளைத் தன் கதைகளாகச் சொல்லித் திரிந்தான் என்றேன்.

அவள் கொப்பியை மூடினாள். "ஒவ்வொரு கதையையும் 'முனாப் எழுதித் தந்த' எண்டுதான் அவர் தொடங்குவாரு. எங்கட ஊட்டுலயும் அப்பிடித்தான், கடையிலயும் அப்பிடித்தான். கேட்டவங்க அத விட்டுப்போட்டுக் கதைய மட்டும் கொண்டு போயிரிப்பாங்க."

இதை நான் அறிந்திருக்கவில்லை. ஆனாலும் அவன் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

"அப்ப இந்த அத்தியாயத்த உண்டாக்கினது ஆரு? நீங்களா?" என்றாள்.

"நான்தான். முழுக்க நான்தான்" என்றேன். அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். ஐந்து வருடம் தினமும் ஒரே பக்கத்தை வாசித்து, அதை மனப்பாடமாக வைத்திருக்கும் வாசகி, அதை எழுதியவனிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்தானே. கொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேரே சபைத் தலைவர் மீராமுகைதீன் ஹாஜியாரிடம் போனாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சாலிஹைக் கொல்ல வேண்டும் என்றுதான் அந்த அத்தியாயத்தை எழுதினேன். அவன் ஒவ்வொரு சொல்லையும் நம்புவான் என்று தெரிந்து எழுதினேன். அன்று மைதானத்தில் நான் தலையை ஆட்டியிருக்காவிட்டால் அவன் நின்றிருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். ஊரைவிட்டு விலக்கினாலும், பொலிசில் ஒப்படைத்தாலும் எனக்குச் சம்மதம். வாசிகசாலைச் சாவியை இத்துடன் அனுப்புகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கொப்பியை எரிக்க வேண்டும் என்று சிலர் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து எரிக்காதீர்கள். ஒரு தடவையாவது எல்லோரும் அதை ஆற அமர வாசித்துப் பாருங்கள். அதில் ஒரு பிழைகூட இல்லை.