பெயிண்ட் மட்டும் புதுசு

"அந்த ப்ளேன இதுவரைக்கும் ஓட்டுனவங்க பூராவும் ஓட்டத் தெரியாதவங்கதான், மதினி."

பலாங்கொடையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர்தான் இப்படிச் சொன்னார். நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

"தெரியாதவங்களா?"

"பறக்கப் பழகுற ரெண்டு சீட்டு ப்ளேன்தானே. பழக வந்தவன் எல்லாம் தரையில தொப்புனு போட்டு எறக்கியிருக்கான். பாக்க மட்டும் பளபளன்னு இருக்காம். வெளிநாட்டுல இருக்குற எங்க மகன் பிரதீப் அதத்தான் வாங்குவேன்னு ஒத்தக் கால்ல நின்னான்."

போன வருடம் பளபளப்பைப் பார்த்துப் பழைய கார் வாங்கியதால்தான் நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.

"அனே! வாங்கிட்டானா?"

"இல்ல. விக்கிறவன் காட்டுன மெக்கானிக்க விட்டுட்டு வேற ஆளக் கூட்டிட்டுப் போயிருக்கான். சக்கரம் மாட்டுற கால்ல வெடிப்பாம். அதுக்கு மேல பெயிண்ட்."

"தோட்டத்துப் பெரிய தொரை வர்றாருன்னா நம்ம லயத்து வீட்டுச் செவுத்து வெடிப்புக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்களே, அந்த மாதிரி."

"அதேதான். ஆபத்துன்னா ப்ளேனையே தாங்கி எறக்க ஒரு பாரசூட் இருக்காம். அதுவும் எக்ஸ்பயராம். வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டான். நேத்துதான் எனக்குச் சோறு எறங்குச்சு."

"அப்ப ப்ளேன் ஆசைய விட்டுட்டான்?"

"எங்க விட்டான்! இன்னைக்கு வேற ஒண்ணு பாக்கப் போயிருக்கான்."

"அப்புறம் என்ன நிம்மதி ஒங்களுக்கு?"

"ஆசப்பட்டதையே வேணாம்னு சொல்லிட்டு வரத் தெரியுதே, மதினி. அது போதும்."