பெயின்ட் ஷெட் மூச்சுக் கணக்கு

ஸ்டெஃபி: மேக்ஸ், வெங்காயம் உரிக்கச் சொன்னா லேப்டாப்ப எட்டிப் பாக்குற?

மேக்ஸ்வெல்: ஞாயித்துக்கெழமை பூசைக்குக்கூட வராம என் பொண்டாட்டி இன்னாதான் கணக்குப் போடுறான்னு பாக்கறேன்... இன்னாடி அது, ஒண்ணு புள்ளி எட்டு?

ஸ்டெஃபி: அம்பத்தூர் ஷெட்டுங்கள்ல பெயின்ட் ஸ்பிரே அடிக்கிறவங்களுக்கு மூச்சிரைப்பு வர்ற வாய்ப்பு. மத்த வேலைக்காரங்களவிட அத்தன மடங்கு.

மேக்ஸ்வெல்: நானும்தான் ஸ்பிரே அடிக்கறேன். என்னியப் பாத்தா இரைக்கிற ஆளாட்டமா கீது?

ஸ்டெஃபி: அவசரப்படாத. பக்கத்துல பாரு. புள்ளி ஒம்பதுலேர்ந்து மூணு புள்ளி ஆறு வரைக்கும் எங்க வேணா இருக்கலாம்.

மேக்ஸ்வெல்: அடிப்பாவி! இதுக்கா சம்பளம்? இங்கயும் இருக்கலாம், அங்கயும் இருக்கலாம்... கிளி ஜோசியக்காரனே தேவல.

ஸ்டெஃபி: சரி, பட்டாபிராம்லேர்ந்து அம்பத்தூருக்கு ட்ரெயின்ல எவ்ளோ நேரம்?

மேக்ஸ்வெல்: இருபது நிமிஷம்... ஆவடி தாண்டி சிக்னல் போட்டுட்டான்னா முக்கா மணி...

ஸ்டெஃபி: பாத்தியா, நீயும் ஜோசியம்தான் சொல்ற! நாங்க கேட்டது கொஞ்சம் பேர. வேற கொஞ்சம் பேரக் கேட்டா நம்பர் மாறும். எதுலேர்ந்து எதுவரைக்கும் மாறும்னு சொல்றதுதான் என் வேல.

மேக்ஸ்வெல்: சரிங்க மேடம். அந்தப் புள்ளி ஒம்பது?

ஸ்டெஃபி: ஒண்ணுன்னா ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லன்னு அர்த்தம். இந்தக் கோடி அதவிடக் கம்மி, வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம். அதனால, பெயின்டாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு எழுதணும்.

மேக்ஸ்வெல்: அப்டி எழுதுனா... எங்க மொதலாளி காத்து இழுக்கற ஃபேன் போடுவாரா?

ஸ்டெஃபி: எங்க போடுவாரு? அந்தத் தாள ஃபிரேம் போட்டு மாட்டிக்குவாரு.

மேக்ஸ்வெல்: சிரிக்காதடி... இன்னும் நாலஞ்சு பேரு, மூச்சிரைக்குதுன்னு சொல்லியிருந்தா?

ஸ்டெஃபி: நம்பர் மேல ஏறியிருக்கும். யாரு அந்த நாலஞ்சு பேரு?

மேக்ஸ்வெல்: சும்மா... கேட்டேன்.

ஸ்டெஃபி: வெங்காயம் முடிஞ்சிடுச்சே. இன்னும் எதுக்குக் கண்ணத் தொடைக்கிற?

மேக்ஸ்வெல்: உங்க ஆபீஸ் பொண்ணு கேள்வி கேக்க வந்தப்ப, சூப்பர்வைசர் பக்கத்துலயே நின்னுகினு இருந்தாரு. எங்க ஷெட்ல ஒருத்தனும் வாயத் தொறக்கல. நானும் "நல்லா கீறேன் மேடம்"னுட்டேன். வேல போயிடுமோன்னு பயம்... உனக்குத் தெரிஞ்சாலும் பயம்.

ஸ்டெஃபி: லூசு! சூப்பர்வைசர் இல்லாம டீக்கடைல வெச்சு எல்லாரையும் மறுபடியும் கேக்கணும்னு எங்க ஆபீஸ் மேடம்கிட்ட போன வாரமே சொல்லிட்டேன். ஷெட் ஆளு ஒருத்தராவது வாயத் தொறந்தா பாக்கலாம்னாங்க. படுத்தா உன் நெஞ்சு விசிலடிக்குது, பக்கத்துல படுத்துகினு இருக்கறது யாரு? நேத்தே அனுப்ப வேண்டிய ரிப்போர்ட்ட, உன் வாயால வரட்டும்னுதான் அனுப்பாம உக்காந்துகினு கீறேன்.