கடலில் இருக்கும் மகனுக்கு

வாழைச்சேனை பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மாமி செத்ததை ரேடியோவில சொல்லியும் அவருக்குக் கேட்காது அக்கா,” என்றாள் இளையவள்.

“மனிசியை விட்டாலும் ரேடியோவை விடாம கடலுக்குப் போறவராச்சே உன்ட புருசன்?”

“நோர்வேயில இருந்து அவர்ட தம்பி அனுப்பின புது ரேடியோவை, பெட்டி உடைக்காமக் கொண்டு போனவர். அங்க ரேடியோ எல்லாம் டிஜிட்டலாம். அது டிஜிட்டல் மட்டுந்தான் எடுக்குமாம். இஞ்ச அந்த ஒலிபரப்பே இல்லையாம். இப்பதான் தம்பி அழுதழுது சொல்றான்.”

“பழசு?”

“வீட்டில விட்டுட்டார். பின்னேரம் அடக்கம். கடலுக்குப் போற வேற போட்டுக்காரர் ஆரும் அவருக்குத் தகவல் சொல்லுவாங்களா எண்டு துறைமுகத்துக்குப் போறன்.”

“அப்ப அறிவித்தலை ஆர் கேட்டது?”

“பழைய ரேடியோ மாமிட தலைமாட்டிலதான் இருந்தது. ‘கடலில் இருக்கும் மகன் உடனே வரவும்’ எண்டு அது மாமிக்குத்தான் சொன்னது.”