இரண்டாம் தரம் கேட்காத வீடு

"மெக்சிக்கோவிலை மூண்டு நாள் அரைப் பட்டினி கிடந்தனான்" என்று முன் இருக்கைப் பெண் பெருமையாகச் சொன்னதும் கைபேசியை மூடிவைத்தேன். அஜக்ஸ் நகருக்குப் போகும் மாலை ரயில். அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்திலிருந்த தோழியின் மடியில் பொரித்த ரோல்ஸ் பலகாரப் பெட்டி.

"ஸ்பானிஷ் படிக்கவெண்டு தனியப் போனியள். அங்கை சாப்பாடு தரேல்லையோ அக்கா?"

"தந்தவை. பள்ளிக்கூடம் ஒரு வீட்டிலை தங்க விட்டது. அந்த வீட்டு மனிசி, இன்னும் போடவோ எண்டு கேட்டா. நான் வேண்டாம் எண்டன்."

"பிறகு?"

"பிறகென்ன, சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளை போயிட்டா. எங்கடை ஆக்களெண்டால் ரண்டாந்தரம் கேப்பினம்தானே. அவ கேக்கவே இல்லை."

"மூண்டு நாளுமோ?"

"ஓம். வகுப்பிலை என்ரை வயிறு இரையுற சத்தம் எல்லாருக்கும் கேக்குது. நாலாம் நாள் தட்டை நீட்டி, எனக்குப் பசிக்குது, இன்னும் போடுங்கோ எண்டு ஸ்பானிஷிலை முழுசாச் சொன்னன். ஒருத்தரும் சொல்லித்தரேல்லை, நானாக் கட்டின வசனம். மனிசி கைதட்டிப்போட்டு மலை மாதிரிக் குவிச்சா."

"வெக்கமா இருக்கேல்லையோ?"

"தமிழிலை எண்டால் செத்தாலும் கேட்டிருக்கமாட்டன்."

தோழி சிரித்தபடி பெட்டியைத் திறந்து நீட்டினார். "ஒரு ரோல்ஸ் எடுங்கோவன்."

அவர் உடனே எடுத்துச் சாப்பிட்டார். தோழி பெட்டியை மூடப் போனபோது அவர் மூடியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னுமொண்டு தாரும்" என்றார், தமிழிலேயே.