நங்கூரக் கல்லிலிருந்து நிலம் அளந்த தாசில்தார்

சூசைத்துறை மீன் ஏலக்கூடத்தின் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கும், வலையிலும் வாயிலும் ஒருசேர வலுவுள்ள மீனவ மகளிர் சங்கத் தலைவி பிலோமி அம்மாள் அவர்களே! என் பேச்சின் நீளம் தெரிந்து தம் ஜெபத்தைச் சுருக்கிக்கொண்ட பங்குத்தந்தை அவர்களே! காயல்பட்டினத்திலிருந்து வந்து முன்வரிசைக்கு முகப்பொலிவு தந்திருக்கும் வணிகப் பெருமக்களே! விடியுமுன் கடலுக்குப் போய்வந்து, கண் சொக்கினாலும் கலையாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் ஏந்தியிருக்கும் என் அருமைத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும், ஓய்வுபெற்ற தாசில்தார் சங்கரபாண்டியனின் ஓயாத வணக்கம்!

என்ன அண்ணாச்சி? சுருக்கமாகப் பேசவா? பேசுகிறேன். ஆனால் என் சொந்த ஊர் பாஞ்சாலங்குறிச்சி. மைக்கை என் கையில் கொடுத்தவர்கள் மேல்தான் குற்றம்.

மக்கள் பேரால் உள்ள மண்ணை மறித்து, ஆயுதம் ஏந்தி, 'அரசாங்கமே வெளியே போ' என்று சிலர் நின்றால் அரசாங்கம் என்ன செய்ய வேண்டும்? சுடுவதா? சும்மா இருப்பதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இந்த மாவட்டத்திலேயே தகுதியுள்ள ஆள் நான்தான். ஏனென்றால் செய்யக்கூடாத அத்தனையையும் நான் ஒருவனே, மூன்றே நாளில், முறைப்படி செய்து முடித்திருக்கிறேன்!

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இதே இடம் வெறும் கடற்கரைப் புறம்போக்கு. ஏலக்கூடம் கட்ட அரசு ஆணை வந்தது. அளந்தோம். அளவுப்படி உங்கள் குருசடி, அந்தச் சிலுவைச் சிற்றாலயம், கட்டட எல்லைக்குள் வந்தது. இடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவன் யார்? நான். அந்தக் குருசடிச் சுவரில், கடலுக்குப் போய்த் திரும்பாத பதினேழு பேரின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. உடல் கிடைக்காதவர்களுக்கு அந்தச் சுவர்தான் கல்லறை. கடைசிப் பெயர் ஆன்டனி. அவருடைய தம்பி ரெக்சன், 'அளவு தப்பு, மறுபடி அளங்க' என்று பதினொரு மனு கொடுத்தார். பதினொன்றிலும் நான் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினேன். பரிசீலித்தேனா? என் மேஜையில் டீ டம்ளர் வைக்க அந்த மனுக்கள் பெரிதும் உதவின.

பன்னிரண்டாவதாக மனு வரவில்லை. ரெக்சனும் ஒன்பது பேரும் இரண்டு துப்பாக்கி, கை நிறைய அரிவாளோடு குருசடியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். 'அரசாங்கச் சட்டை போட்டவன் எவன் வந்தாலும் சுடுவோம்' என்றார்கள். கருவாடு காயப்போட வந்த பெண்களையும் விரட்டினார்கள். அது தப்பு. அன்றும் தப்பு, இன்றும் தப்பு.

முதல் நாள் நான் என்ன செய்தேன்? பேசினேன்! மைக் வைத்து, மீசையை முறுக்கி, இரண்டு மணி நேரம் முழங்கினேன். 'மண்ணின் மைந்தர்களே, மாண்புமிகு அரசின் மாண்பை மதிப்பீர்' என்றேன். முடித்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல்: "ஏலே, சத்தம் நின்னுட்டே. பேட்டரி தீந்துட்டா?"

சிரியுங்கள் தாய்மார்களே, நன்றாகச் சிரியுங்கள். அன்று சிரித்திருந்தால் எனக்கு ஆத்திரம் வந்திருக்கும்.

இரண்டாம் நாள் ஆத்திரம் வரவே செய்தது. அவர்களுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொன்னேன். அந்த லைனில்தான் உங்கள் ஐஸ் ஆலையும் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் ஊர் மீன் முழுக்க நாறிப்போயிற்று. அதுவரை ரெக்சனைத் திட்டிக்கொண்டிருந்த பெண்கள், அன்றைக்கு அவருக்குச் சோறாக்கிக் கொண்டுபோனார்கள். ஒரே சுவிட்சில் ஓர் ஊரையே எதிரணிக்கு அனுப்பிய அதிகாரி என்னைத் தவிர யார்?

மூன்றாம் நாள் மேலிடத்து உத்தரவு: நான்கு மணிக்குப் போலீஸ் உள்ளே நுழையலாம். நான் சர்வே கல்லிலிருந்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆயுதத்தோடு நிற்பவன் ஆக்கிரமிப்பாளன் என்று அறிவித்தேன். மணி மூன்று. மீன் கூடையோடு வந்தார் நம் தலைவி பிலோமி அம்மாள். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கல்லைப் பார்த்தார்.

"ஐயா, இதுலயிருந்தா அளந்தீக?"

"ஆமாம்மா, அரசாங்கக் கல்."

"நாசமாப் போச்சு! இது எங்க வீட்டுக்காரரு வள்ளத்து நங்கூரக் கல்லுல்லா! இந்தா, கயிறு கட்டின தடத்தப் பாருங்க. அங்கன, அந்தக் குழியில நட்டுக் கெடந்தத ரெண்டு வருசத்துக்கு முந்தி பிடுங்கிட்டுப் போனாரு. இரும்பு நங்கூரம் வாங்கினதும் இங்கன தூக்கிப் போட்டுட்டாரு."

அம்மாளின் வீட்டுக்காரர் கிளாட்வின் அண்ணாச்சி, தலையைக் குனியாதீர்கள். அரசாங்கக் கல்லைக் கடலுக்குள் கொண்டுபோனது உங்கள் தவறு. கரையில் கிடந்த கல்லை நம்பி, வரைபடத்தைக்கூட விரித்துப் பார்க்காமல் ஓர் ஊரையே அளந்தது எங்கள் தவறு. எது பெரிய தவறு? உங்கள் கல்லுக்கு ஒரு வள்ளமாவது ஒழுங்காக நின்றது!

வரைபடத்தை விரித்தேன். பழைய குழியைத் தோண்டி அளந்தோம். எல்லை நாற்பதடி தள்ளிப் போயிற்று. குருசடி வெளியே, ஏலக்கூடத்துக்கு இடம் தாராளம். ரெக்சன் மனுவில் எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை. இன்னும் அரை மணி நேரத்தில், என் தப்பான கோட்டுக்காக யாராவது சாகப் போகிறார்கள்.

போலீஸ் ஆய்வாளர் எஸ்றாவிடம் ஓடினேன். "ஒரு மணி நேரம் பொறுங்க சார்" என்றேன். "மூணு நாளா உங்க பேச்சையே பொறுத்துட்டேன். இதப் பொறுக்க மாட்டேனா?" என்றார். மேலிடத்திடமும் அவரே பேசினார். அந்த மனிதருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்!

பிறகு கோட்டைத் தாண்டி நடந்தேன். வீரநடை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு செருப்பு மணலில் மாட்டிக்கொண்டது, குனிந்து எடுக்கப் பயம், ஒற்றைச் செருப்போடு போய் நின்றேன். இரண்டு மணி நேரம் முழங்கிய வாயில் மூன்றே வாக்கியம் வந்தது. "தம்பி, கல்லு தப்பு. நான் அளந்ததும் தப்பு. நீ எழுதினதுதான் சரி" என்றேன்.

"இத மொத மனுவுக்கே சொல்லியிருந்தா நான் கடலுக்குப் போயிருப்பம்லா சார்" என்றார் ரெக்சன். அழுதார். "குருசடி?"

"அங்கேயே இருக்கும்."

"எம்மேல கேசு?"

"உண்டு. துப்பாக்கி எடுத்ததுக்கு உண்டு."

துப்பாக்கியை மணலில் வைத்தார். மற்ற ஒன்பது பேரும் கையில் இருந்ததை வைத்தார்கள். வழக்கு நடந்தது, பதினான்கு மாதம் சிறையில் இருந்தார். எனக்கும் மெமோ வந்தது, பதவி உயர்வு போயிற்று. இரண்டும் நியாயம்.

ஆகவே ஆட்சியில் இருப்போரே, அதிகாரத்தில் அமர்ந்தோரே! மண்ணை மறிப்பவனுக்கு மண்டியிடச் சொல்லவில்லை. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும், நீதிமன்றத்தில் செய்யட்டும்! துப்பாக்கிக்குப் பணிய வேண்டாம். ஆனால் துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு மனு கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள்! காத்திருந்தால் கௌரவம் குறையுமா? தப்பு என்று சொன்னால் அரசாங்கம் சரிந்துவிடுமா? நான் சொன்னேனே, எது சரிந்தது? என் மீசை சற்றுச் சரிந்தது, அவ்வளவுதான்!

தாய்மார்களே, அன்று நான்கு மணிக்குள் பிலோமி அம்மாள் வராமல் போயிருந்தால், குருசடியும் இருந்திருக்காது, பதினெட்டாவது பெயரை வெட்டச் சுவரும் இருந்திருக்காது. இன்று அந்தச் சுவர் நிற்கிறது. ஆன்டனி பெயருக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது. அங்கே பதினெட்டாவது பெயராகப் போயிருக்கக்கூடியவர், இதோ, இந்த விழாவுக்கு மைக்செட் போட்டுவிட்டு மேடைக்குக் கீழே நின்று, 'போதும் சார்' என்று என்னிடம் கைகாட்டுகிறார். முடித்துவிட்டேன் ரெக்சன், வயரைப் பிடுங்கிவிடாதே அப்பா!

பொறுத்தருளிய உங்கள் காதுகளுக்கு நன்றி. இந்தக் கூடத்தில் உங்கள் மீனுக்கு என்றும் நல்ல விலை கிடைக்கட்டும். கடலுக்குப் போகிற ஒவ்வொருவரும் கரைக்கு வந்து சேரட்டும். அந்தச் சுவரில் காலியான இடம் காலியாகவே இருக்கட்டும். வணக்கம்!