படம் முடியும்வரை

குழந்தைகளுக்கான படத்தை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பது, மேடம், வெளியே இருப்பவர்கள் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை. ஐந்து நிமிடத்தில் கை தானாகப் போனைத் தேடும். அன்றைக்கு நான் போனை அணைத்து அலமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி ஸ்ரீவித்யாவுக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. காட்டாங்குளத்தூர் கல்லூரியில் அவள் பார்த்ததைவிட நல்ல வேலை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை காலை, தோசை வார்த்துக்கொண்டே, "ரோஹிணியையும் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

"நாள் கணக்கெல்லாம் இல்ல கிரீஷ். வக்கீல்கிட்ட பேசிட்டேன்."

"அவ என் பொண்ணும்தானே?"

"அவளோட ஒரு படமாவது முழுசா உக்காந்து பார்த்திருக்கியா? அவ எந்த செக்‌ஷன், சொல்லு."

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். நாவலூரில் ஆபீஸ், பள்ளிக்கரணையில் வீடு. நடுவில் இருக்கிற சாலையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வந்து சேரும்போது குழந்தை தூங்கியிருப்பாள். செக்‌ஷன் எனக்குத் தெரியவில்லை. சரி, திருத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். தப்பைச் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்கிறவன் நான். ஆபீஸில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மத்தியானம் மூன்று மணிக்குப் படத்தைப் போட்டேன். வண்டிகளெல்லாம் பேசும் படம். ஒரு கிழட்டுத் தண்ணீர் லாரி, அது மகள் மாதிரி வளர்க்கிற ஒரு குட்டி வேன், வாயாடி ஆட்டோ ஒன்று. புதிதாக வந்திருந்தது. ரோஹிணி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் மடியில் காலைப் போட்டுச் சாய்ந்துகொண்டாள். அந்தக் கனம் எனக்குப் பழக்கமில்லை. பிடித்திருந்தது.

அதே சமயம் ஸ்ரீவித்யா பாத்ரூம் கழுவப் போனாள். வேலைக்கு வருகிற அங்காளம்மா அன்று லீவு. ஸ்ரீவித்யாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. ஆசிட் நெடி ஆகாது என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இருபது நிமிடம் போயிருக்கும். இருமல் கேட்டது. பிறகு, "கிரீஷ், இன்ஹேலர எடு" என்றாள். படத்தில் அப்போது குட்டி வேன் மலைப்பாதையில் வழி தவறுகிறது. ரோஹிணி என் விரலை இறுகப் பிடித்திருந்தாள். கையை உருவினால் அவள் என்ன நினைப்பாள்? இந்த அப்பா எப்போதும் பாதியில் எழுந்து போகிறவர் என்றுதானே? நான் ஒரே ஒரு தடவை எழுந்தேன், பாப்கார்ன் எடுத்து வர. உடனே திரும்பிவிட்டேன்.

பிறகுதான் தட்டுகிற சத்தம் ஆரம்பித்தது.

"அப்பா, அது என்ன?"

"லாரியோட என்ஜின் தட்டுதும்மா. அதுக்கு வயசாயிடுச்சில்ல."

"அம்மா குரல் மாதிரி இருக்கு."

"இந்தப் படத்துல எல்லா வண்டியும் பேசும்."

சமாதானமாகிவிட்டாள். நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். தட்டல் விட்டு விட்டுக் கேட்டது. படத்தில் லாரி மலையேறிப் போய் வேனைக் கண்டுபிடிப்பதற்குள் அந்தத் தட்டலும் நின்றுவிட்டது. "கூப்பிட்ட குரலுக்கு நிக்காதது வண்டியே இல்ல, வெறும் இரும்பு" என்று லாரி சொல்கிற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மேடம். ரோஹிணி என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். கடைசிப் பெயர் ஓடி மறைகிறவரை உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம்.

அவளைக் கீழ் ஃபிளாட்டில் ஹில்டா அக்காவிடம் விட்டுவிட்டு வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் உள்ளே போனாள் என்று டாக்டரிடமும் அவள் அம்மாவிடமும் சொன்னேன். பழைய வீசிங் சீட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஐந்து மாதம் நானும் ரோஹிணியும் நன்றாக இருந்தோம். நானே கூட்டிப்போய் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். பி செக்‌ஷன். ஜடை பின்னக் கற்றுக்கொண்டேன்.

காலாண்டு விடுமுறைக்கு அவளை மேற்குத் தாம்பரத்தில் என் மாமியார் திரிபுரசுந்தரியிடம் விட்டேன். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அங்கே அதே படத்தைப் போடச் சொல்லியிருக்கிறாள். வேன் வழி தவறியதும், "பாட்டி, பேசாதே. இப்ப என்ஜின் தட்டும்" என்றாளாம். தட்டவில்லை. திரும்பப் போடச் சொன்னாளாம். மூன்று தடவை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். "நம்ம வீட்டுல தட்டுச்சே. 'கிரீஷ், கதவத் திற'ன்னு லாரி அழுதுச்சே" என்றாளாம்.

மாமியார் இதையெல்லாம் போனில் நிதானமாகச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"படம் மொத்தம் எவ்வளவு நேரம், மாப்பிள்ளை?"

சொன்னேன். போனை வைத்துவிட்டார்கள். விடுமுறை முடிந்தும் ரோஹிணியைத் திருப்பி அனுப்பவில்லை. மூன்று வாரம் கழித்து ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்ததா, இல்லையென்றால் ஏன் தட்டினாள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. உள்ளே தாழிடவில்லை. பாத்ரூம் கழுவுகிறவர்கள் யார் தாழிடுவார்கள்? பாப்கார்னுக்கு எழுந்தபோது இன்ஹேலர் பிரிட்ஜ் மேலேயே இருந்தது. எடுத்துக்கொண்டுதான் போனேன். அவளிடம் கொடுக்கத்தான் போனேன். அதற்குள் அவளே கதவைப் பாதி திறந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அந்த நிலையிலும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் ஹாலைப் பார்த்து, "ரோஹிணி" என்றாள்.

அவள் வெளியே வந்தால் குழந்தை பயந்துவிடும். படம் நின்றுவிடும். அப்புறம் இரண்டு பேரும் புனேக்குப் போய்விடுவார்கள். நான் அவளை மெதுவாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். வெளித் தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் போட்டேன். இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாப்கார்னோடு வந்து உட்கார்ந்தேன். படம் முடிந்த பிறகுதான் திறந்தேன். அவள் சாவாள் என்று தெரியும். நான்தான் செய்தேன்.

அந்த மூன்று வாரமும் சனிக்கிழமை தவறாமல் மேற்குத் தாம்பரம் போனேன். என் குரல் கேட்டதும் ரோஹிணி அறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டாள். ஒருமுறைகூட வெளியே வரவில்லை. ஒன்றாம் வகுப்புக்கே இப்போதெல்லாம் நிறைய வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள், மேடம். அந்த நெருக்கடியில் இருந்திருப்பாள்.