ஸ்டியரிங் ஆர்முக்கு நான் போட்ட பிளேட்டிங்

எனது பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது ஐம்பத்து மூன்று. தொழில் லேத் வேலை, சொந்தப் பட்டறை. இறந்தவர் என் தங்கையின் கணவர், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். என்னை யாரும் அழைத்து வரவில்லை. விபத்து நடந்து மூன்று மாதம் ஆன நிலையில் இன்று காலை பத்து மணிக்கு நானாகவே நிலையத்துக்கு வந்தேன். ஆய்வாளர், "கேஸை முடிச்சாச்சு, இப்ப வந்து எதுக்கு வம்பை விலைக்கு வாங்குறீங்க?" என்று கேட்டார். முடித்த விதம் தவறு என்று சொன்னேன்.

நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஆறு வருடமாக ஒரு பந்தயக் கார் கட்டினோம். அந்தக் காலத்தில் பந்தயப் பித்துப் பிடித்தவர்கள் சாதாரணக் காரின் மேல்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தையும் இன்ஜினையும் வைத்து வீட்டிலேயே பந்தயக் கார் செய்துகொள்வது வழக்கம். அப்படி யாரோ பாதி செய்து கைவிட்ட ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்து தங்கை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தினோம். அதன்பிறகு மாப்பிள்ளை டிப்போ வேலை முடிந்து வந்ததும் மணல் மூட்டைமேல் அலுமினியத் தகட்டை வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி வளைப்பார். நான் உதிரி பாகங்களைக் கடைந்து கொடுப்பேன். தங்கை அந்தக் காருக்குச் சக்களத்தி என்றே பெயர் வைத்திருந்தாள். "என் சக்களத்தி எப்படி இருக்கா?" என்பாள். "இருமிக்கிட்டே இருக்கா" என்பார் மாப்பிள்ளை. கோபமாகச் சொன்னதில்லை.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரத்தைத் திருப்பிவிடும் இரும்புத் துண்டுக்கு ஸ்டியரிங் ஆர்ம் என்று பெயர். அதை லாரி அச்சிலிருந்து நான் வெட்டிக் கடைந்தேன். மாப்பிள்ளை அதைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்திக் கெட்டிப்படுத்தினார். இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்ததில் அதில் ஒரு குறையும் இல்லை. இதை அழுத்தி எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அன்று பந்தயத்துக்கு முன்பு எல்லாக் கார்களையும் திறந்துவைத்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் வண்டியெல்லாம் பளபளவென்று இருக்கும், நம்முடையது மட்டும் கரிச்சட்டி மாதிரி நிற்குமே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் அந்த ஆர்மைக் கழற்றி, இரும்புக்குப் பளபளப்பு முலாம் பூசும் பிளேட்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர், "இது பார்வைக்கா, பாரம் தாங்குறதா? பாரம் தாங்குறதுன்னா பிளேட்டிங் போட்ட கையோட நாலு மணி நேரம் அடுப்புல வைக்கணும், நாளைக்குத்தான் கிடைக்கும்" என்றார். மாப்பிள்ளை ஆறு மணிக்கு வந்துவிடுவார், அதற்குள் மாட்டி வைத்து அசத்த வேண்டும் என்பதால், பார்வைக்குத்தான் என்று பொய் சொன்னேன். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள், பொய் மட்டும் நுழைந்துவிடுகிறது. கடைக்காரர்மீது எந்தத் தவறும் இல்லை.

அதன்பிறகு ஐந்தரை மணிக்கெல்லாம் ஆர்மை மாட்டிவிட்டேன். மாப்பிள்ளை வந்து பார்த்து, குனிந்து சட்டை நுனியால் அதைத் துடைத்து, "மச்சான், பொண்ணுக்கு வளையல் போட்ட மாதிரி இருக்கு" என்றார். பிறகு முகம் மாறி, "அடுப்புல வெச்சாங்களா?" என்று கேட்டார். அவருக்குத் தொழில் தெரியும். "வெச்சாங்க மாப்ளே" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நான் சொன்னால் அவர் நம்புவார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது சுற்றில் இடதுபக்க வளைவுக்கு எதிரே வேலியோரம் நின்றிருந்தேன். அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இடதுபக்கம் முழுவதும் திருப்பியதைப் பார்த்தேன். முன்சக்கரம் நேராகவே நின்றது. வண்டி மண்மேட்டில் மோதிக் கவிழ்ந்தது. நான் ஓடிப்போனபோது அவருக்கு நினைவு இருந்தது. "நான் திருப்பினேன் மச்சான்" என்றார். ஆம்புலன்ஸில் ஏற்றியபின் பேசவில்லை, வழியிலேயே உயிர் பிரிந்தது.

விசாரித்தவர்கள், ஓட்டுநர் அதிவேகமாக வந்து வளைவில் திருப்பத் தவறினார் என்றும், ஆர்ம் மோதலில் உடைந்தது என்றும் எழுதினார்கள். நான் மறுக்கவில்லை. உடைந்த ஆர்மின் ஒரு துண்டை அவர்கள் வருமுன்பே எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருந்தேன். சென்ற வாரம் அதைப் பிளேட்டிங் கடைக்காரரிடம் காட்டினேன். பிளேட்டிங் போடும் அமிலத்தொட்டியில் உண்டாகும் வாயு கெட்டியான இரும்புக்குள் புகுந்துகொள்ளும், அடுப்பில் வைத்து அதை வெளியேற்றாவிட்டால் இரும்பு சொல்லாமல் கொள்ளாமல் முறியும் என்று விளக்கினார். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கினவன் நான். விற்றது என் கண்ணும் அல்ல. அந்தத் துண்டை இன்று ஆய்வாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

மேற்படி மூன்று மாதமும் என் தங்கை இறந்தவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய படத்தைக்கூட மாட்டவில்லை. பதினான்கு வயது மகளிடம், "உங்கப்பாவுக்கு வேகம்தான் பெருசு, நீயும் நானும் இல்ல" என்று என் எதிரிலேயே சொன்னாள். அந்தப் பெண் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. நானும் அதே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன். என் வாழ்நாளில் செய்த காரியங்களில் இதைவிடக் கேவலமானது இல்லை.

நேற்று மாலை தங்கையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. அவளோ, "அண்ணா, உன்னை அப்புறம் பார்த்துக்கிறேன். மூணு மாசமா அவரைத் திட்டினேனே, அதையெல்லாம் இப்ப யார்கிட்ட போய் இல்லேன்னு சொல்லுவேன்?" என்று கேட்டாள். எழுந்து இங்கே வரத் தீர்மானித்தேன்.

மேலே எழுதியவற்றை எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் குறைக்கவும் எதுவும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நடந்தது இதுதான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். இதன் நகல் ஒன்றைத் தங்கை மகளுக்குக் கொடுக்க வேண்டுகிறேன், அவளுக்குப் படிக்கத் தெரியும்.

(ஒப்பம்)